பழைய டீஹியூமிடிஃபையர் தண்ணீர் பிடிக்கவில்லை: கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: கும்பகோணத்தில் பழைய வீடு. பட்டுப்புடவை பீரோ, ஒரு வீணை, புத்தக அலமாரி மூன்றும் உள்ள 12-க்கு 12 அறையில் பத்து வருடமாக ஒரு 20 லிட்டர் டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராகப் பிடித்தெடுக்கும் மெஷின்) ஓடுகிறது. முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் நாளுக்கு இரண்டு முறை டேங்க் நிரம்பும். இப்போது அரை டேங்க்கூட வருவதில்லை. உள்ளே காயிலின் (கேஸ் ஓடும் குழாய் அடுக்கு) ஒரு மூலையில் பனி கட்டுகிறது, சத்தமும் கூடியிருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் "கேஸ் போயிடுச்சு" என்கிறார். ஏற்றலாமா, புதிது வாங்கிவிடலாமா?

கேஸ் போயிருக்கவும் கூடும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஆறேழு விஷயங்களைப் பார்த்துத் தள்ளிவிட்டு வர வேண்டும். எல்லாம் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை, செலவும் சொற்பம். இந்த மெஷினின் கேஸ் குழாய்கள், ஃப்ரிட்ஜில் உள்ளவை போலத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. ஸ்பிளிட் ஏசி போல வீட்டில் வந்து நட் முடுக்கி இணைத்தவை அல்ல. ஆகவே வருடா வருடம் தானாகக் கேஸ் குறைவது என்பது இதில் கிடையாது. ஓட்டை இருந்தால்தான் குறையும். ஓட்டை எங்கே என்று காட்டாமல் ஏற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளே இரண்டு காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஃபேன் இழுக்கும் காற்று ஃபில்டரைக் கடந்து முதலில் குளிர்ந்த காயிலில் படுகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல அங்கே ஈரம் முத்துமுத்தாகத் திரண்டு, வழிந்து, டேங்கில் விழுகிறது. அதே காற்று அடுத்துச் சூடான காயிலைக் கடந்து வெளியே வருகிறது. அறை இரண்டு மூன்று டிகிரி சூடாவது இதனால்தான், அது கோளாறு அல்ல. இதில் காற்று ஓட்டம் குறைந்தால் மற்ற எல்லாமே குறையும். பத்து வருட மெஷினில் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

முதலில் அளவு. மெஷினின் முகப்பில் தெரியும் ஈரப்பத எண்ணை நம்ப வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கற்பூரமும் பட்டுப் பழகிய சென்சார் ஐந்து, பத்து சதவீதம் தள்ளிக் காட்டுவது சகஜம். தனியாக ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கி, அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டு, சேறு பதத்துக்கு வரும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் பத்து மணி நேரம் விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 71 காட்டினால் இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள். பாக்கெட் தூள் உப்பு நல்லது. கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் எண் கீழே இறங்கும். மழைநாளில் கல்லுப்பு ஜாடி அவ்வளவு சீக்கிரம் கசிவதும் அதனால்தான்.

இரண்டாவது, அறை. உங்கள் அறை பத்தடி உயரம் என்றால் 1,440 கன அடி, சுமார் 41 கன மீட்டர். 28 டிகிரி வெப்பத்தில், 85 சதவீத ஈரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் நீர் இருக்கும். 55 சதவீதத்தில் 15 கிராம். வித்தியாசம் 8 கிராம். அப்படியானால் அந்த அறைக் காற்று முழுவதிலும் மெஷின் எடுக்க வேண்டிய நீர் ஒன்றரை டம்ளர்தான், 330 கிராம் அளவு. அப்புறம் ஏன் லிட்டர் கணக்கில் வருகிறது? கதவு இடுக்கு, ஜன்னல் சந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக வெளிக்காற்று வந்துகொண்டே இருப்பதால். மணிக்கு ஒருமுறை அறைக் காற்று மாறினாலே நாளுக்கு 8 லிட்டர் ஆகிவிடும். மணிக்கு ஐந்து முறை மாறினால் 40 லிட்டர்; அதை உங்கள் 20 லிட்டர் மெஷினால் எடுக்க முடியாது. அதே அறையில் மழைக்காகத் துணி காயப்போட்டால் ஒரு கூடைத் துணிக்கு 2, 3 லிட்டர் தனிக் கணக்கு. டேங்க் நிரம்பியும் ஈரப்பதம் இறங்கவில்லை என்றால் கோளாறு அறையில். டேங்கே நிரம்பவில்லை என்றால்தான் மெஷினைத் திறக்க வேண்டும்.

மெஷினின் உண்மையான திறனை அளக்க, சாதாரணமாகச் செய்வதற்கு நேர்மாறாக ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறையில் ஈரம் இறங்க இறங்க வரத்தும் குறையும்; நல்ல மெஷினும் கெட்டது போலத் தோன்றும். மழைநாளில், மீட்டர் 80 பக்கம் காட்டும்போது, ஜன்னலைத் திறந்து, டேங்கைக் காலி செய்து, மெஷினைத் தொடர் ஓட்டத்தில் மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். "20 லிட்டர்" என்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் 24 மணி நேரத்துக்குச் சொல்லும் கணக்கு. மூன்று மணிக்கு அது 2.5 லிட்டர். வயதான மெஷின் ஒன்றரை லிட்டருக்கு மேல் தந்தால் அதை எதுவும் செய்ய வேண்டாம், துடைத்து வைத்தால் போதும். ஒரு லிட்டருக்குக் கீழே என்றால் கோளாறு இருக்கிறது. தை, மாசியில் காற்று காய்ந்த பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயப்பட வேண்டாம். 60 சதவீத ஈரத்தில் பாதிதான் வரும்.

இனி சுத்தம். டெல்டாவில் தூசிக்கு இரண்டு காலம் உண்டு: குறுவை அறுவடை, அப்புறம் தை மாதத்துச் சம்பா, தாளடி அறுவடை. சாலையில் நெல் காயும்போதும் வைக்கோல் புரட்டும்போதும் பறக்கும் சுணை ஃபில்டரின் கண்ணைவிட நுண்ணியது. அது உள்ளே போய், விளக்குப் புகை, தாளிப்பு ஆவியோடு சேர்ந்து காயிலின் ஃபின்களுக்கு, அதாவது மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு, இடையில் பசை போலப் படிகிறது. ஃபில்டரை மட்டும் கழுவினால் இது போகாது. பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபின்களின் ஊடே வெளிச்சம் தெரிய வேண்டும். சாம்பல் நிறக் கம்பளி விரித்தது போல இருந்தால் உங்கள் காணாமல் போன தண்ணீர் அங்கேதான் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும் என்பது தெரிந்ததுதான். தெரியாமல் போவது கெப்பாசிட்டர், மோட்டார் கிளம்ப உதவும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் குண்டு பல்பு டெஸ்ட் லேம்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் ஒரு நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே போட்டுப் பொறி பறக்க விடுவது கெட்ட பழக்கம். கனெக்டர்களைக் கழற்றுமுன் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

போர்டு, ஃபேன் மோட்டார், கெப்பாசிட்டர் மூன்றையும் பாலிதீன் உறையால் மூடிவிட்டு, ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் காயிலை மேலிருந்து கீழாக, ஃபின் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கி, இருந்த காற்றும் அடைபடும். மடங்கியவற்றைப் பழைய டூத் பிரஷ்ஷாலோ மெல்லிய பிளாஸ்டிக் துண்டாலோ நிமிர்த்தலாம். தூசியை வாக்குவம் கிளீனரால் இழுத்த பிறகு, அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு கலந்து ஸ்பிரே செய்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரை ஸ்பிரே செய்து வழித்துவிடுங்கள். கடைசித் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் அலசினால் உப்பு ஃபின்னிலேயே காய்ந்து அலுமினியத்தைத் தின்னும். ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இரண்டு லிட்டர் போதும். சோடா, ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் காயில் பக்கம் வரக் கூடாது. வினிகரும்தான். இணையத்தில் எல்லாவற்றுக்கும் வினிகர் சொல்வார்கள்; அசிட்டிக் அமிலம் செப்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத வளைகள் தோண்டும் ஒருவகை அரிப்புக்கு வழிவிடும். வெட்டிப் பார்த்தால் எறும்புப் புற்று போலவே இருக்கும். காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டேங்க்கைக் கழுவ வினிகர் பயன்படுத்தலாம், கழுவி அலசிவிட்டு மாட்ட வேண்டும்.

அடியில் உள்ள தட்டின் துவாரத்தில் வழவழப்பாகப் பாசி படிந்திருக்கும். பாட்டில் கழுவும் குச்சிப் பிரஷ்ஷால் குத்தி எடுங்கள். ஃபேன் இறக்கைகளில் தூசி சமமில்லாமல் ஒட்டியிருந்தால் அதுவே சத்தத்துக்கும் காரணம். இறக்கையைக் கையால் சுற்றிவிட்டால் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். இறுக்கமாக நின்றுவிட்டால் தண்டு சுற்றும் புஷ் காய்ந்திருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இரண்டு மாதத்தில் பசையாகி முன்னிலும் மோசமாகப் பிடிக்கும். தண்டை ஆட்டினால் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் எண்ணெயால் தீராது, மோட்டார் மாற்ற வேண்டும்.

மூடியைக் கழற்றியிருக்கும்போதே போர்டைப் பாருங்கள். நம் ஊரில் போர்டு சாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பல்லி. கதகதப்புக்கு உள்ளே போய் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே செத்துக் கிடக்கும். அடுத்தது எறும்பு, கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ரிலே 'டிக்' என்று சத்தம் போட்டும் கம்ப்ரஸர் கிளம்பவில்லை என்றால் அதையும் சந்தேகப்படலாம். போர்டின் மேல் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு, இருபத்து நாலு மணி நேரம் கழித்து மெஷினை ஓட்டி, காயிலைப் படிக்க வேண்டும். இந்தப் பதிலில் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மூடியைப் போட்டு, ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் ஓடிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கை விட வேண்டாம்.

குளிர்ந்த காயில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வேர்த்து, சொட்டிக்கொண்டிருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் ஏற்ற வேண்டாம்.

காயில் முழுக்க வெள்ளையாகப் பனி போர்த்தினால் காற்று போதவில்லை: ஃபில்டர், ஃபின், ஃபேன் வேகம், அல்லது ஃபேனின் சின்ன கெப்பாசிட்டர். வெளிநாட்டுக் குறிப்புகள் "அறை குளிர்ச்சி, 18 டிகிரிக்குக் கீழே பனி கட்டும்" என்று சொல்லும். அது அவர்கள் ஊர் நிலவறைக்கு. மார்கழி விடியலில்கூடக் கும்பகோணத்தில் மூடிய அறைக்குள் அந்த நிலை வருவது அரிது. ஆகவே இங்கே பனி என்றால் பெரும்பாலும் கோளாறுதான். ஏசியை 18-ல் வைத்துவிட்டு அதே அறையில் இதையும் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பனி கட்டுவதை அறிந்து கரைக்கச் சொல்ல, தெர்மிஸ்டர் என்ற வெப்ப சென்சார் ஒன்று காயிலில் செருகப்பட்டிருக்கும். அது கழன்று தொங்கினாலும் பனி ஏறும். அறைச் சூட்டில் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோஓம் காட்டும். ஐஸ் தண்ணீரில் நனைத்தால் சுமார் மூன்று மடங்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதே மதிப்புள்ள வேறொன்று போடுங்கள், சில்லறைச் செலவு.

குளிர்ந்த காயிலுக்குள் கேஸை விடும் மெல்லிய கேப்பிலரி குழாய் வந்து சேரும் இடத்தில் ஓரிரு சுற்றில் மட்டும் பனி, மீதிக் காயில் காய்ந்து அறைச் சூட்டில் இருந்தால், அது கேஸ் குறைவு. அல்லது கேப்பிலரியில் அடைப்பு. நீங்கள் எழுதியிருக்கும் "ஒரு மூலையில் பனி" இந்த வகை போலத் தெரிகிறது. ஆனால் தூசி ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே தோற்றம் வரும். அதனால்தான் கழுவிய பிறகு பார்க்கச் சொல்வது.

உறுதிசெய்ய, ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர் போதும், மெக்கானிக்கிடமே இருக்கும். பெயர்ப்பலகையில் 1.6 ஆம்பியர் என்று போட்டிருக்கும் மெஷின் 0.9 இழுத்தால் கம்ப்ரஸர் வெறுமே சுற்றுகிறது: கேஸ் இல்லை, அல்லது உள்ளே வால்வு தேய்ந்துவிட்டது. 1.4 முதல் 1.7 வரை இழுத்தால் கேஸ் கதையை நம்பாதீர்கள். 2-க்கு மேலே போனால் சூடான காயில் அழுக்கு, வோல்டேஜ் குறைவு, அல்லது கம்ப்ரஸர் இறுகுகிறது.

ஃபேன் ஓடி, கம்ப்ரஸரே கிளம்பவில்லை என்றால் அது வேறு கதை, பெரும்பாலும் மலிவாக முடியும் கதை. செட்டிங் அறை ஈரத்தைவிட மேலே இருக்கிறதா பாருங்கள். போட்டதிலிருந்து மூன்று நிமிடம் பொறுங்கள், போர்டு வேண்டுமென்றே தாமதிக்கும். அதன் பிறகும் 'ம்ம்ம்' என்று உறுமி, சில நொடியில் 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமினால் முதல் குற்றவாளி கெப்பாசிட்டர். இந்த அளவு கம்ப்ரஸரில் பொதுவாக 10 முதல் 25 மைக்ரோஃபாரட் இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, எழுதியிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது கூடுதல், 440 வோல்ட் கிடைக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஊரில் கெப்பாசிட்டரையும் 'கண்டன்சர்' என்றே சொல்வார்கள். சூடான காயிலுக்கும் கண்டன்சர் என்றுதான் பெயர். "கண்டன்சர் மாத்தணும் சார்" என்றால் எது என்று கேளுங்கள். ஒன்று நூறு, இருநூறு ரூபாய்ச் சமாசாரம். மற்றது மெஷினையே தூக்கிப் போட வேண்டிய சமாசாரம்.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் கம்ப்ரஸரின் மூன்று முனைகளை ஓம்மீட்டரில் அளக்கலாம், ஒயர்களைக் கழற்றிவிட்டு. மூன்று ஜோடியில் மிகப் பெரிய எண், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்: 4, 7, 11 என்பது போல. எந்த முனைக்கும் வெளிக் கூட்டுக்கும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் கம்ப்ரஸர் எரிந்துவிட்டது, மெஷினில் ஷாக்கும் அடிக்கும், அத்தோடு விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்குமுன் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். அதைப் பின்னால் வைத்தது என் தவறு. லைனின் கடைசியில் உள்ள தெருக்களில், பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு விழுந்தால், மோட்டார் கிளம்பும் விசை 230-ல் இருப்பதில் 60 சதவீதம்தான். புது கம்ப்ரஸர் முக்கி முனகிக் கிளம்பிவிடும், பழையது கிளம்பாது. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பிளக்கிலேயே அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே போனால் 1 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர், அதுவும் கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்து இணைக்கும் வகை. கரண்ட் போய் உடனே வரும் நேரம்தான் கம்ப்ரஸருக்குக் கெட்ட நேரம். உள்ளே அழுத்தம் சமமாகுமுன் தள்ளச் சொன்னால் இறுகும். பட்டன் போர்டு இல்லாத, திருகு வைத்த பழைய மாடல்களுக்கு இந்தத் தாமதம் கட்டாயம். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கையே பிடுங்கி வையுங்கள். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்ட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம், 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். சாக்கெட் தளர்ந்து சூடானால் பேக்கலைட் வேகும் நாற்றம் அச்சு அசல் மீன் கவிச்சி போலவே இருக்கும். நாகூர், தரங்கம்பாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக் கருவாடு என்று விட்டுவிட வாய்ப்புண்டு. மெஷின் ஓடும்போது மட்டும் அந்த நாற்றம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய மெஷின் என்றால் இரண்டு விஷயம். அது 115 வோல்ட், 60 சைக்கிளுக்கானது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர சைக்கிளை மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும், ஆயுள் குறையும். இன்னொன்று, சீனாவின் க்ரீ நிறுவனம் தயாரித்துப் பல பிராண்டு பெயர்களில் அங்கே விற்ற சுமார் 22 லட்சம் டீஹியூமிடிஃபையர்கள், சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தால் 2013 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. 2005 முதல் 2013 வரை விற்ற மாடல்கள் அவை. பழைய அமெரிக்க மெஷினைப் பழுதுபார்க்குமுன் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இருந்தால் பழுதுபார்க்கவே வேண்டாம்.

மற்றச் சில்லறைக் கோளாறுகள். டேங்க் காலியாக இருந்தும் 'நிரம்பியது' விளக்கு எரிந்தால், ஃப்ளோட்டில் பாசி ஒட்டி மேலேயே நிற்கிறது, அல்லது அதிலுள்ள குட்டிக் காந்தம் கழன்றுவிட்டது, அல்லது மைக்ரோ சுவிட்ச் துருப்பிடித்திருக்கிறது. சுவிட்சை ஒயரால் இணைத்து ஏமாற்ற வேண்டாம்; ஒரு ராத்திரியில் டேங்க் வழிந்து கூடமெல்லாம் ஓடும். தரையில் தண்ணீர் தேங்கினால் தட்டின் துவாரத்தையும் மெஷினின் சாய்வையும் பாருங்கள். பழைய வீட்டுத் தரை சமமாக இருக்காது, ரசமட்டம் வைத்து அட்டை கொடுங்கள். வெளிக் குழாய் போட்டிருந்தால் நேர்ச்சரிவாகப் போக வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் நின்று பாசி அடைக்கும். அதிர்வுச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்ரஸரின் காலடியில் கல்லாகிப்போன மூன்று ரப்பர் புஷ்கள். ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்கும்.

டேங்கில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டாம், டெங்கு கொசுவுக்கு அது போதும். அந்தத் தண்ணீரை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வழக்கமும் உண்டு. காயிலின் செம்பும் அலுமினியமும் காற்றின் உப்பும் கலந்த தண்ணீர் அது, பேட்டரியைக் கெடுக்கும். குடிக்கவும் ஆகாது. வீடு துடைக்க, செடிக்கு ஊற்ற நல்லது.

சுவரின் கீழ் மூன்றடி ஓதம் காத்து, வெள்ளையாய்ப் பூத்துப் பொரிந்து உதிர்கிறதா? அதற்கு மெஷின் மருந்தல்ல. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததுமே நம் களிமண்ணில் நிலத்தடி நீர் ஏறும். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாத செங்கல் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெஷினை 40-ல் வைத்து ஓட்டினால் சுவர் காயாது. உப்பு இன்னும் வேகமாக வெளியே வந்து பூச்சுதான் உதிரும். 55-லிருந்து 60-க்குள் வையுங்கள். பூசணம் பிடிப்பது தொடர்ந்து 70-ஐத் தாண்டினால்தான். வீணையின் பலா மரத்துக்கும் 55-க்குக் கீழே காய வைப்பது நல்லதல்ல. பீரோவை அந்தச் சுவரிலிருந்து அரையடி நகர்த்தினால் பட்டுக்கு மெஷினைவிடப் பெரிய உதவி.

இந்த மெஷினுக்கு நம் ஊரில் வேலை ஐப்பசி முதல் தை வரைதான். மீதி எட்டு மாதம் சும்மா நிற்பதில்தான் பாதி மெஷின் கெடுகிறது. தை கடைசியில் ஃபேனை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டிக் காயிலைக் காய வைத்து, டேங்கைக் கழுவித் துடைத்து, பழைய பருத்திப் புடவையால் மூடுங்கள். பாலிதீன் போட்டால் உள்ளேயே வேர்க்கும். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டுங்கள். படுக்க வைத்துத் தூக்கிப் போனால் நிமிர்த்தி ஒரு நாள் நிற்க விட்டே போட வேண்டும். வருடாந்தரச் சுத்தத்துக்கு ஆயுத பூஜையைவிட நல்ல நாள் இல்லை: சந்தனப் பொட்டு வைக்குமுன் பின் மூடியைக் கழற்றிவிடுங்கள். பொட்டை சென்சார் கிரில்லில் வைக்காதீர்கள். சீசனில் ஃபில்டருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கழுவல், நிழலில் காயப்போட வேண்டும்; வெயிலில் போட்டால் சட்டம் வளைந்து இடுக்கு வழியே தூசி நுழையும்.

இப்போது உங்கள் முடிவு. கழுவிக் காய வைத்து, மூன்று மணி நேர அளவு எடுத்து, காயிலைப் பாருங்கள். சீராக வேர்த்தால் செலவு முடிந்தது. அப்போதும் கேப்பிலரி முனையில் மட்டும் பனி, ஆம்பியரும் பாதி என்றால் மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் பத்து வருட மெஷினுக்கு அந்த வேலையைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். முறையாகச் செய்ய, நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரையில் ஓட்டையைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, கேஸ் பாதையில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, அரை மணி நேரம் வாக்குவம் போட்டு, பெயர்ப்பலகையில் உள்ள அதே கேஸை அதே கிராம் அளவு தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். மொத்தமே 150, 200 கிராம்; இருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் காயில் சரியாக வேலை செய்யாது. தராசு இல்லாமல் "பிரஷர் பார்த்து" ஏற்றுபவரால் இது முடியாது. பலகையில் ஆர்-290 என்றிருந்தால் அது எரியும் கேஸ், வீட்டுக்குள் பற்றவைப்பே கூடாது. ஓட்டை காயிலில் என்றால் அரிப்பு ஒரு இடத்தோடு நிற்காது. இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மழைக்கு இன்னொன்று. கெப்பாசிட்டர், சுவிட்ச், ஃபேன் மோட்டார் வரை செலவழியுங்கள். மூடிய குழாயைத் திறக்க வேண்டிய வேலைக்குப் புது மெஷின் விலையில் கால் பங்குக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது, உள்ளங்கை அளவில் சத்தமே இல்லாமல் வரும், கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகையைத் தவிருங்கள். நாளுக்குச் சில நூறு மில்லிதான் எடுக்கும், பீரோவுக்குள் வைக்கலாம், அறைக்கு ஆகாது. உங்கள் அறைக்கு 20 லிட்டர் கம்ப்ரஸர் வகைதான் சரி. அந்த 20 எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் என்று அட்டையில் பாருங்கள். அமெரிக்க அளவுகள் 2019 முதல் குளிர்ந்த காற்றில் சோதித்துப் போடப்படுவதால் எண் சின்னதாகத் தெரியும், மெஷின் சின்னதல்ல. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து அதே மூன்று மணி நேரச் சோதனையைச் செய்து, எத்தனை மில்லி வந்தது என்று தேதியோடு பின்பக்கம் ஒட்டி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் செய்தால் கடைக்காரரிடம் பேசவும் அது உதவும்.